வெயில் போக நெல்லுக்கு உரம் கொடுப்பது எப்படி? கீழ்ப் பர்மா விவசாயிகளுக்கு முழு வழிகாட்டி

கீழ்ப் பர்மாவில் நெல்லுக்கு உரம் என்று பேச்செடுத்தால் அது உடனே மூட்டைக் கணக்குக்குப் போய்விடும். ஏக்கருக்கு ஒரு மூட்டையா, ஒன்றரையா, பக்கத்து வயலில் இரண்டு போட்டார்களாமே என்று. எத்தனை மூட்டை என்பதைவிட, போட்ட யூரியாவில் எவ்வளவு பயிருக்குள் போகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தண்ணீர் நிற்கும் வயலில் வெயில் நேரத்தில் வீசிய யூரியாவில் பாதிகூடப் பயிருக்குக் கிடைக்காமல் போவது உண்டு. யூரியா விலை இருக்கிற இருப்பில், அந்தப் பாதியைக் காப்பாற்றுவதே பெரிய லாபம்.

இங்கே சொல்லப்போவது வெயில் போக நெல்லுக்கு, பர்மியர் நுவே சபா என்கிற பயிருக்கு. 1992இல் அரசாங்கம் இதைப் பெரிய அளவில் பரப்பத் தொடங்கியது. மழைப் போக அறுவடை முடிந்ததும் ஓடைத் தண்ணீரையோ வாய்க்கால் தண்ணீரையோ இறைத்து, மார்கழி தை மாதங்களில் விதைத்து, சித்திரையில் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவை ஒட்டி அறுப்பது. பெகு, தொங்வா, சிரியம், துவாந்தே, தட்டோன் பக்கத்துத் தமிழ் விவசாயிகளுக்கு இந்தக் காலக்கணக்கைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழைப் போகத்தைவிட இதில் வெயில் அதிகம், மேகமூட்டம் குறைவு. அதனால் உரத்துக்குப் பயிர் நன்றாகப் பதில் சொல்லும். அதே வெயில்தான் யூரியாவை ஆவியாக்கியும் விடும்.

அளவுகளை நம் வழக்கப்படியே சொல்கிறேன். ஒரு டின் நெல் 46 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 20.9 கிலோ. உர மூட்டை 50 கிலோ. நிலம் ஏக்கரில்.

முதலில் மண்ணைப் பாருங்கள்

மழைப் போகம் அறுத்து, உழவு தொடங்குவதற்கு முன்னால் மண் மாதிரி எடுங்கள். வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10 முதல் 15 இடங்களில், வரப்போரத்தையும் சாணக் குவியல் கிடந்த இடத்தையும் தவிர்த்து, ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை எடுத்து ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ மட்டும் அனுப்பினால் போதும். எங்கே அனுப்புவது என்பதை வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள். மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), உப்பு, துத்தநாகம் ஆகியவற்றுக்கு இந்த அறிக்கை நல்ல வழிகாட்டி. அமிலத்தன்மை கொஞ்சம் இருப்பதாக வந்தால் நெல்லைப் பொறுத்தவரை அவ்வளவு பயம் வேண்டாம். தண்ணீர் தேங்கிச் சில வாரங்களில் மண் நடுநிலைக்கு வந்துவிடும்.

தழைச்சத்துக்கு (நைட்ரஜனுக்கு) மட்டும் இந்த அறிக்கையை நான் பெரிதாக நம்புவதில்லை. மண்ணில் இருக்கிற தழைச்சத்தில் எவ்வளவு இந்தப் பருவத்தில் வெளிவரும் என்பதை வயலே சொன்னால்தான் உண்டு. அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. வயலின் ஒரு மூலையில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளவில் சிறு வரப்புக் கட்டி ஒரு தாக்கைப் பிரித்துக்கொள்ளுங்கள். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மற்ற இடம் போலவே போடுங்கள். யூரியா ஒரு பிடிகூட வேண்டாம். அந்த வரப்பைக் கொஞ்சம் உயரமாகவே போடுங்கள், பக்கத்து யூரியாத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது. அறுவடையில் அந்தத் தாக்கைத் தனியாக அடித்து எடை போட்டால், யூரியா இல்லாமலே உங்கள் மண் எத்தனை டின் தரும் என்பது தெரிந்துவிடும். 25 சதுர மீட்டரில் கிடைத்த கிலோவை 162ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு வரும்.

எவ்வளவு தழைச்சத்து வேண்டும்

வெயில் போகத்தில், நீர் நிர்வாகம் ஒழுங்காக இருந்தால், ஒரு கிலோ தழைச்சத்து ஏறக்குறைய 20 கிலோ நெல்லைக் கூடுதலாகத் தரும். நமக்கு இது வசதியான கணக்கு. ஒரு கிலோ தழைச்சத்துக்கு ஒரு டின் என்று வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் மண் யூரியா இல்லாமல் ஏக்கருக்கு 45 டின் தருகிறது, நீங்கள் 85 டின் எடுக்க நினைக்கிறீர்கள் என்று வைப்போம். வித்தியாசம் 40 டின். எனவே 40 கிலோ தழைச்சத்து வேண்டும். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது ஒரு மூட்டையில் 23 கிலோ. அப்படியானால் 87 கிலோ யூரியா, ஒன்றே முக்கால் மூட்டைக்குச் சற்றுக் குறைவு. இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு மூட்டை யூரியா 23 டின் நெல்லாகத் திரும்பி வர வேண்டும். இன்றைக்கு யூரியா மூட்டை என்ன விலை, 23 டின் நெல் என்ன விலை என்று பார்த்தால் எதுவரை போடுவது லாபம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

தாக்கு வைத்துப் பார்க்காதவர்கள் முதல் ஆண்டுக்கு ஏக்கருக்கு 35 முதல் 40 கிலோ தழைச்சத்து என்று தொடங்கலாம். அதற்கு மேல் போகச் சொல்ல மாட்டேன். தூவி விதைத்த பயிர் நெருக்கமாக வளரும், வேர் மேலாகவே ஓடும். அளவு மீறினால் சாயும், புகையான் பூச்சியும் குலை நோயும் தேடி வரும். சாய்ந்த நெல்லை இயந்திரம் வைத்து அறுக்கிற செலவு, மிச்சம் பிடித்ததாக நினைத்ததை எல்லாம் தின்றுவிடும்.

முன்பருவத்தில் உளுந்தோ பாசிப்பயறோ எடுத்த நிலமாக இருந்தால் முதல் தவணையைப் பாதியாகக் குறைக்கலாம். இந்தியாவுக்குப் போகிற உளுந்து விலை ஏறியிருக்கும் ஆண்டுகளில் வெயில் நெல்லையே விட்டுவிட்டு உளுந்துக்குப் போகிறவர்கள் பலர். அவர்கள் கணக்கிலும் தப்பில்லை.

மணிச்சத்து, சாம்பல்சத்து

ஒரு டன் நெல் ஏறக்குறைய 6 கிலோ மணிச்சத்தை வயலிலிருந்து எடுத்துப் போகிறது. 85 டின் என்பது 1.8 டன்னுக்குக் கிட்ட வரும். 11 கிலோ மணிச்சத்து வெளியே போகிறது என்று பொருள். டீ சூப்பர் (டிரிபிள் சூப்பர் பாஸ்பேட் உரம்) அரை மூட்டையில் 11.5 கிலோ இருக்கிறது, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க இது சரியாக வரும். இதைக் கடைசி உழவில், சேறடிக்கும்போது முழுவதும் போட்டுவிட வேண்டும். மணிச்சத்து மண்ணில் நகராது, பின்னால் மேலே தூவுவதில் பிரயோசனம் குறைவு.

சாம்பல்சத்தைப் பற்றி நம் ஊரில் பேசுகிறவர்கள் குறைவு. பயிர் எடுக்கிற சாம்பல்சத்தில் ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில்தான் இருக்கிறது. 85 டின் எடுத்த ஏக்கரின் வைக்கோலில் இருக்கும் சாம்பல்சத்து, ஏறக்குறைய ஒரு மூட்டை பொட்டாஷுக்குச் சமம். வைக்கோலை மாட்டுக்குக் கட்டி எடுத்துப்போனால் அந்த மூட்டையும் கூடவே போகிறது. எரித்தால் சாம்பல்சத்தில் பெரும்பகுதி சாம்பலில் தங்கும், ஆனால் தழைச்சத்தும் கந்தகமும் புகையாகப் போய்விடும். போதாததற்கு, குவித்து எரித்த இடத்தில் மட்டும் சத்து சேர்ந்து, வயல் திட்டுத் திட்டாக விளையும்.

எனவே வைக்கோலை வயலிலேயே பரப்பி உழுகிறவர்களுக்கு ஏக்கருக்கு 10 முதல் 15 கிலோ பொட்டாஷ் போதும். எடுத்துப் போகிறவர்கள் 25 முதல் 40 கிலோ வரை போட வேண்டும். இதைப் பாதி அடியுரமாகவும், பாதி கதிர் உருவாகும் நேரத்திலும் பிரித்துக் கொடுப்பது நல்லது. வைக்கோலை மடக்கி உழுவதாக இருந்தால் விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே உழுதுவிடுங்கள். பச்சையாக மடக்கி உடனே விதைத்தால், வைக்கோலை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை முதலில் பிடித்துக்கொள்ளும், நாற்று மஞ்சளித்து நிற்கும்.

மூன்று சத்தும் சேர்ந்த 15-15-15 மூட்டைதான் கையில் இருக்கிறது என்றால் அதுவும் சரிதான். ஒரு மூட்டையில் ஒவ்வொன்றும் 7.5 கிலோ. அதை அடியுரமாகப் போட்டு, கூடவே 10 கிலோ டீ சூப்பரும் சேர்த்தால் மணிச்சத்து நிறைவாகும். யூரியாவில் 16 கிலோ குறைத்துக்கொள்ளலாம். ஆனால் மேலுரத்துக்கும் இதே மூட்டையை வாங்கித் தூவுவது காசைக் கரைக்கிற வேலை. அப்போது பயிருக்கு வேண்டியது தழைச்சத்து, அது யூரியாவில்தான் மலிவு.

வாங்கும்போது

எல்லை தாண்டி வருகிற சரக்கு, ஒட்டுத் தையல் போட்ட மூட்டை, பர்மிய எழுத்தில் விவரம் இல்லாத பை என்று சந்தையில் எல்லாம் இருக்கிறது. யூரியாவைச் சோதிப்பது சுலபம். ஒரு கரண்டியில் கொஞ்சம் எடுத்து அடுப்பில் காட்டினால் முழுவதும் உருகி, அமோனியா நெடி அடித்து, கடைசியில் ஒன்றும் மிஞ்சாமல் போக வேண்டும். தண்ணீரில் போட்டால் மிச்சமில்லாமல் கரைந்து, டம்ளர் ஜில்லென்று ஆக வேண்டும். அடியில் மணலோ வெள்ளைப் பொடியோ தங்கினால் கலப்படம். பொட்டாஷில் சிவப்புத் துகள் மிதப்பது இயல்பு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அடியுரக் கலப்படத்தை வீட்டில் கண்டுபிடிப்பது கடினம். நம்பகமான கடையில் ரசீதோடு வாங்கி, மூட்டைக்கு ஒரு பிடியை எடுத்து வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

யூரியாவையும் டீ சூப்பரையும் கலந்து மூட்டையில் வைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் ஈரம் கசிந்து கூழாகிவிடும். கலக்கத்தான் வேண்டுமென்றால் அன்றைக்கே தூவிவிட வேண்டும்.

தவணைகளும் நாட்களும்

இங்கே பரவலாக உள்ள 110 முதல் 115 நாள் ரகங்களை முளைகட்டித் தூவி விதைத்ததாக வைத்துச் சொல்கிறேன். 87 கிலோ யூரியாவை மூன்றாகப் பிரியுங்கள்: 22, 30, 35.

சேறடிக்கும்போது டீ சூப்பர் முழுதும், பொட்டாஷில் பாதியும். யூரியா இப்போது வேண்டாம். முளைத்து வரும் பயிருக்கு இரண்டு வாரம்வரை விதையில் இருக்கும் உணவே போதும், வேரும் அவ்வளவாக இல்லை. அன்றைக்குப் போட்ட யூரியா களைக்குத்தான் போகும்.

முதல் தவணை 12 முதல் 15 நாளில், 22 கிலோ. 15-15-15 அடியுரமாகப் போட்டவர்கள் இதில் 6 கிலோ மட்டும் தூவினால் போதும்.

இரண்டாவது தவணை 28 முதல் 32 நாளில், தூர் வெடிக்கும் வேகத்தில், 30 கிலோ. அதற்கு முன் களையெடுத்திருக்க வேண்டும். களைக்கொல்லி அடித்திருந்தால் களை கருகியது தெரிந்த பிறகு.

மூன்றாவது தவணைதான் மிக முக்கியமானது, பலர் தவறவிடுவதும் இதைத்தான். 50 முதல் 55 நாள் என்று புத்தகத்தில் இருக்கும், ஆனால் குளிர் கொஞ்சம் நீடித்த ஆண்டில் ஒரு வாரம் தள்ளிப் போகும். நாளை எண்ணாமல் பயிரைக் கிழித்துப் பாருங்கள். ஒரு தூரின் தாய்த் தண்டை வேரோடு பிடுங்கி, பிளேடால் அடியிலிருந்து மேலாக நீளவாக்கில் பிளந்தால், கணுவுக்கு மேலே வெள்ளையாக, பஞ்சு போல, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் இளங்கதிர் தெரியும். பத்துத் தண்டில் நான்கைந்தில் தெரிந்தால் நேரம் வந்துவிட்டது. 35 கிலோ யூரியாவும் மீதிப் பொட்டாஷும் இப்போது. கதிரில் எத்தனை மணி என்பது இந்த நாட்களில் முடிவாகிறது. தொண்டைக்கதிர் (கதிர் இலையுறைக்குள் பருத்து நிற்கும் பருவம்) வந்த பிறகு யூரியா போடுவது தழையைப் பச்சையாக்கும், நோயைக் கூப்பிடும், நெல்லைக் கூட்டாது.

நாற்று நட்டவர்கள் நட்ட 10, 20, 30 நாட்கள் என்று கிட்டத்தட்ட வைத்துக்கொண்டு, கடைசித் தவணைக்கு இதே மாதிரி பிளந்து பாருங்கள். வரிசை நடவு செய்தவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. யூரியாவைப் பெரிய உருண்டையாக்கி, நட்ட ஒரு வாரத்தில், நான்கு தூருக்கு நடுவே ஒன்றாக 7 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைப்பது. வங்காளதேசத்தில் விவசாயிகள் செய்து பார்த்த முறை. மூன்றில் ஒரு பங்கு யூரியா மிச்சமாகும். ஆள் கூலிதான் இடிக்கும். தூவி விதைத்த வயலுக்கு இது ஆகாது.

கையில் இலை வண்ண அட்டை (இலையின் பச்சையை எண்ணிட்ட நிறப் பட்டைகளோடு ஒப்பிடும் அட்டை) இருந்தால் இரண்டாவது, மூன்றாவது தவணையின் அளவைத் திருத்திக்கொள்ளலாம். முழுதாக விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை, உங்கள் உடம்பு நிழலில் வைத்து அட்டையோடு ஒப்பிடுங்கள். பத்து இலை, எப்போதும் ஒரே ஆள், ஒரே நேரம், காலை 8 முதல் 10 வரை. தூவி விதைத்த பயிரில் பாதி இலைக்கு மேல் 3ஆம் எண்ணுக்குக் கீழே வெளுத்திருந்தால் தவணையை முழுதாகப் போடுங்கள். 4க்கு மேல் கரும்பச்சையாக இருந்தால் பாதி போதும்.

தூவுகிற விதம்

யூரியா தண்ணீரில் கரைந்து அமோனியாவாக மாறுகிறது. பகலில் வயல் தண்ணீரிலுள்ள பாசி கரியமில வாயுவை உறிஞ்சுவதால், மத்தியானத்துக்கு மேல் தண்ணீரின் காரத்தன்மை ஏறும். காரத்தன்மை ஏறிய தண்ணீரிலிருந்து அமோனியா வாயுவாகக் கிளம்பிப் போய்விடும். மாசி பங்குனிக் காற்று அதை இன்னும் வேகப்படுத்தும். தண்ணீர் நிறைந்த வயலில் யூரியாவை வீசக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

அதனால் தவணைக்கு இரண்டு நாள் முன்பே தண்ணீரை வடியவிடுங்கள், அல்லது இறைப்பதை நிறுத்தி வற்ற விடுங்கள். சேறு நசநசவென்று இருக்க வேண்டும், கால் வைத்தால் தடம் பதிய வேண்டும், மேலே தண்ணீர் ஓடக்கூடாது. வெடிப்பு விழும்வரை காயவிடவும் கூடாது. சாயங்காலம் வெயில் தாழ்ந்து, இலையில் ஈரம் இல்லாத நேரத்தில் தூவுங்கள். காலைப் பனியில் தூவினால் யூரியா இலையில் ஒட்டிக் கருக்கும். அளவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கிழக்கு மேற்காகவும் மறு பாதியைத் தெற்கு வடக்காகவும் வீசினால் திட்டு விழாது. மறுநாள் தண்ணீர் பாய்ச்சுங்கள். அந்தத் தண்ணீரோடு யூரியா சேற்றுக்குள் இறங்கி, அம்மோனியமாக மாறிக் களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் நான்கைந்து நாள் மடையைத் திறக்கக்கூடாது. வரப்பு நண்டு வளைகளை முன்னாலேயே அடைத்திருக்க வேண்டும். டெல்டா வயல்களில் இந்த வளைகள் வழியாகவும் யூரியா வெளியேறும்.

யூரியா போட்ட வயலைத் திரும்பத் திரும்பக் காயவிட்டுப் பாய்ச்சுவதும் நஷ்டம். காய்ந்தால் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறும், தண்ணீர் நின்றதும் அது வாயுவாகிப் போகும். அதே காரணத்தால் நைட்ரேட் கலந்த உரங்களைத் தண்ணீர் தேங்கும் நெல்லுக்கு வாங்காதீர்கள், கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் சரி.

மஞ்சளித்தால் எல்லாம் யூரியாக் குறை அல்ல

அடி இலைகள் முதலில் மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறை. குருத்து இலை முதலில் வெளுத்தால் கந்தகக் குறையாக இருக்கலாம், அதற்கு அம்மோனியம் சல்பேட்டோ ஜிப்சமோ உதவும். அடி இலையின் நுனியும் ஓரமும் காய்ந்து பழுப்பானால் சாம்பல்சத்து. பயிர் கரும்பச்சையாக, குட்டையாக, தூர் வைக்காமல் விறைத்து நின்றால் மணிச்சத்து.

விதைத்த இரண்டு முதல் நான்கு வாரத்தில் இலையில் துருப்பிடித்தாற்போல் பழுப்புப் புள்ளி பரவி, வயல் திட்டுத் திட்டாகக் குன்றிப்போனால் துத்தநாகக் குறை. மேல் பர்மாவில் சவுசே, சுவேபோ பக்கத்துச் சுண்ணாம்பு மண்ணில் இதைக் கவனிக்க வேண்டும். கடைசி உழவுக்குப் பிறகு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தூவலாம். டீ சூப்பரோடு சேர்க்கக்கூடாது. பயிரில் கண்ட பிறகு என்றால், 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட், 100 கிராம் யூரியா கரைத்துத் தெளிக்கலாம்.

கடலோர டெல்டாவில் இன்னொரு தொல்லை. மாசிக்குப் பிறகு ஆற்றில் நன்னீர் குறைந்து, ஓதத்தோடு உப்பு ஏறி வரும். மின்கடத்துத்திறன் (உப்பின் அளவுகோல்) மீட்டருக்கு 2 டெசிசைமனைத் தாண்டிய தண்ணீர் நெல்லின் விளைச்சலைக் குறைக்கத் தொடங்கும். இளநாற்றுப் பருவத்திலும் பூக்கும்போதும் அடி பலமாக விழும். உப்பு ஏறிய வயலில் நுனி கருகி நிற்கும் பயிருக்கு யூரியா கூடுதலாகப் போட்டால் தேறாது. இறைப்பதற்கு முன் தண்ணீரைச் சோதியுங்கள், கையடக்க மீட்டர் இப்போது கிடைக்கிறது. நல்ல தண்ணீர் கிடைக்கும் நாளுக்குத் தவணையை நான்கைந்து நாள் தள்ளிப் போட்டாலும் நஷ்டமில்லை.

அறுவடையில் கணக்குப் பார்ப்பது

அறுக்கும்போது யூரியா போடாத தாக்கையும், அதே அளவில் போட்ட வயலில் ஒரு துண்டையும் தனித்தனியாக அறுத்து, அடித்து, ஒரே மாதிரி உலர்த்தி எடை போடுங்கள். போடாத இடம் ஏக்கர் கணக்கில் 46 டின், போட்ட இடம் 84 டின் என்று வந்தால், 40 கிலோ தழைச்சத்துக்கு 38 டின் கிடைத்திருக்கிறது. நன்றாகவே இருக்கிறது, அடுத்த ஆண்டும் இதே அளவைத் தொடருங்கள். போடாத இடமே 60 டின் தந்தால் உங்கள் மண் வளமானது, அடுத்த ஆண்டு அரை மூட்டை குறைத்துப் பாருங்கள். போடாத இடம் அதே 46 டின் தந்து, போட்டும் 65 டின் தாண்டவில்லை என்றால், 19 டின்தான் திரும்பியிருக்கிறது. அப்போது இன்னொரு மூட்டை வாங்குவதற்கு முன் தண்ணீர் வடித்துத் தூவினீர்களா, மூன்றாவது தவணை தாமதமாயிற்றா, பொட்டாஷ் போட்டீர்களா, உப்பு ஏறியதா என்று இந்த வரிசையிலேயே தேடுங்கள். மீந்த யூரியாவைப் பிளாஸ்டிக் உறையோடு இறுகக் கட்டி, மழை தொடங்குவதற்கு முன் தரையைத் தொடாமல் பலகை மேல் ஏற்றி வைத்தால் மழைப் போகத்துக்கு ஆகும்.